மெஷினுக்கு வைத்த சந்தனம்

கோமதிநாதனின் வீட்டுக்கும் தறி ஷெட்டுக்கும் நடுவே ஒரு கதவுதான். விசைத்தறிகள் ஓட ஓட, பஞ்சு அந்தக் கதவைத் தாண்டி வந்து சோபா, கட்டில், சாமி படம் என்று பேதம் பார்க்காமல் உட்காரும். கல்யாணமான நாள் முதல் அதைப் பெருக்கித் தள்ளியவள் மனைவி மீனலோசினி. இப்போது அவளுக்குப் பனவடலிசத்திரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. காலையிலேயே பஸ் பிடிக்க வேண்டும்.

“திங்கக்கெழமையில இருந்து வீட்ட நீங்க பெருக்கிருங்க,” என்றாள், சட்னியில் உப்பு போதுமா என்று கேட்கிற குரலில்.

கோமதிநாதன் பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தார். வேலைக்கு அஞ்சுகிற ஆள் இல்லை அவர். ஆனால் கையில் விளக்குமாறோடு யார் கண்ணிலாவது பட்டுவிட்டால்? எதிர்வீட்டுத் தங்கத்தாய் பார்த்தால் போதும், டவுன் பஸ் போகாத ஊருக்கும் சேதி போய்விடும். அப்புறம் நூல் வியாபாரி முன்னால் எந்த முகத்தோடு கால் மேல் கால் போட்டு உட்காருவது?

“நானா? அதுக்கெல்லாம் இப்ப மெஷின் இருக்கு,” என்று சொல்லிவிட்டு, கை கழுவுமுன் செல்போனில் ஆர்டர் போட்டார்.

தானே ஊர்ந்து வீடு பெருக்கும் மெஷின் வந்தது. பெரிய தோசைக்கல் அளவில், வட்டமாக, கறுப்பாக. கூட வந்த புத்தகத்தில், ஓட்டுவதற்கு முன்னால் தரையில் கிடக்கும் வயர், நூல், துணியை எல்லாம் எடுத்துவிடச் சொல்லிப் படம் போட்டிருந்தது. கோமதிநாதன் படம் பார்க்கவில்லை. புது மெஷினுக்கு முதலில் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தறிக்குச் செய்தார், பைக்குக்குச் செய்தார், இன்வெர்ட்டருக்கும் செய்தார்.

சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்தார். தலையில் துருத்திக்கொண்டிருந்த குமிழைச் சுற்றி ஒரு பட்டை. முன்பக்கக் கறுப்புக் கண்ணாடியில் மூன்று பொட்டு, அதன் மேல் குங்குமம். கவிழ்த்துப் பார்த்தால் அடியிலும் சின்னச் சின்னக் கண்ணாடிகள், பொட்டு வைப்பதற்கென்றே செய்து அனுப்பியது போல. “பாவம், இங்கனதான உழைக்குது,” என்று அவற்றுக்கும் தாராளமாக அப்பினார். சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, தேங்காயும் உடைத்தார்.

திங்கட்கிழமை மீனலோசினி பஸ்ஸுக்குப் போனதும் பட்டனை அமுக்கினார். மெஷின் ஒரு மெட்டுப் பாடியது. கொஞ்சம் பின்னால் போனது. நின்ற இடத்திலேயே சுற்றியது. மறுபடியும் பின்னால் போனது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றை எட்டிப் பார்த்தவன் போல ஒரு நடுக்கம். பிறகு இங்கிலீஷில் ஏதோ முறையிட்டுவிட்டு அடங்கிப்போனது.

“அண்ணாச்சி, மெஷினு ஓடுதா?” ஜன்னலில் தங்கத்தாயின் முகம்.

“ஓடுது, ஓடுது. வெளிச்சம் பட்டா அதுக்கு ஆகாது,” என்று ஜன்னலைச் சாத்தினார். கதவைத் தாழ் போட்டார். சத்தம் வராமல் விளக்குமாற்றை எடுத்தார்.

சாயங்காலம் மீனலோசினி பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். “அடேயப்பா! இங்கனகூடப் போயிருக்கே! நான்கூட இந்தப் பக்கம் போனதில்ல.”

கோமதிநாதனுக்குள் என்னவோ குளிர்ந்தது. அவர் நெய்த எந்தச் சேலையைப் பார்த்தும் அவள் அடேயப்பா என்று சொன்னதில்லை. மறுநாள் கட்டிலை நகர்த்திப் பெருக்கினார். அதற்கும் ஓர் அடேயப்பா கிடைத்தது. வியாழக்கிழமை உற்சாகம் மிஞ்சி ஜன்னல் கம்பிகளையும் துடைத்துவிட்டார்.

மீனலோசினி கம்பியில் விரலை ஓட்டினாள். “இது ஜன்னல்லயும் ஏறுதா?”

“புது மாடல்.”

“ஓகோ,” என்றாள். “ஞாயித்துக்கெழம எங்க ஸ்கூல் டீச்சர்மாரும் தங்கத்தாயக்காவும் வாராங்க. இது பெருக்குதத கண்ணால பாக்கணுமாம்.”

மறுநாள் காலையில் கோமதிநாதன் மெஷினைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓடினார். அங்கே அவரோடு பள்ளியில் படித்த ரிஸ்வான் அகமது செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். மெஷினைக் கவிழ்த்துப் பார்த்தவன் காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினான்.

“வே, இதுக்குப் பொட்டு வச்சது யாரு?”

“நாந்தான். ஏன், கொறஞ்சு போச்சா?”

“இதெல்லாம் அதுக்குக் கண்ணுவே! மேல இருக்கது சுவரப் பாக்கதுக்கு, அடியில இருக்கது படி, பள்ளம் வந்தா விழாம நிக்கதுக்கு. நீரு எல்லாத்தையும் அடச்சு வச்சிருக்கீரு. அதுக்கு எங்கன திரும்புனாலும் பள்ளந்தான். நடுங்காம என்ன செய்யும்?”

“கண்ண வயித்துல வச்சா மனுசன் எப்படிவே கண்டுபிடிப்பான்?”

ரிஸ்வான் சுவிட்சை அணைத்துவிட்டு, காய்ந்த துணியால் ஒவ்வொரு கண்ணாகத் துடைத்தான். “ஆப் பண்ணாம கைய வைக்காதீரும். தண்ணி விடப்படாது. பிரஷ்ல நூல் சுத்துனா இழுக்கப்படாது, கத்திரி வச்சு வெட்டணும். முக்கியமா, தறி ஷெட்டுக் கதவச் சாத்தி வையும். பாவு நூலப் பிடிச்சிச்சுன்னா உம்ம பொழப்பையும் சேத்துச் சுத்திரும்.”

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் நாற்காலி போட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஷெட் கதவு சாத்தியிருந்தது. தரையில் ஒரு வயர் இல்லை. “முந்தானைய மேல எடுத்துக்கிடுங்க, இழுத்திரும்,” என்று எச்சரித்துவிட்டு கோமதிநாதன் பட்டனை அமுக்கினார்.

மெஷின் முன்னால் போனது! மேசைக் காலைச் சுற்றியது, வாசல்படி ஓரத்தில் நின்று யோசித்துத் திரும்பியது. “ஆத்தாடி, இதுக்கு இருக்க அறிவப் பாரேன்,” என்றாள் தங்கத்தாய். கோமதிநாதன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மானம் தப்பியது. இனி வாயைத் திறக்காமல் நின்றால் போதும்.

மெஷின் மூலைக்குப் போனது. அது வட்டம். உள்ளே நுழைய முடியாமல், பஞ்சை அப்படியே விட்டுவிட்டு வந்தது. பீரோ இடுக்கில் ஒரு முட்டு முட்டிவிட்டு, அவ்வளவுதான் என்று திரும்பிவிட்டது.

கோமதிநாதன் பல்லைக் கடித்தார்.

“நேத்து வர இன்னும் நல்லாப் பெருக்குச்சு,” என்றாள் மீனலோசினி, புருஷன் முகத்தைப் பார்க்காமல். “ஆளப் பாத்ததும் கூச்சப்படுது போல.”

“இதுக்கு மேல எப்படிட்டீ பெருக்கும்?” என்றாள் தங்கத்தாய். “ஆள் வச்சாக்கூட இம்புட்டுதான்.”

அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

“இம்புட்டுதானா? இதுக்குப் பேரு பெருக்குததா?” கதவுக்குப் பின்னால் இருந்த விளக்குமாறு எப்போது கைக்கு வந்தது என்று அவருக்கே தெரியாது. “மூலையில இருந்து வெளிய இழுக்கணும்! பஞ்ச வீசித் தள்ளப்படாது, பறந்துரும். சாய்ச்சுப் பிடிச்சு, மெதுவா... இந்தா, இப்படி. பீரோப் பக்கம் போனா கைய மாத்திக்கிடணும்...”

பாதி ஹால் முடிந்த பிறகுதான் வீடு ரொம்ப அமைதியாக இருப்பது உறைத்தது. குனிந்தபடியே தலையை மட்டும் நிமிர்த்திப் பார்த்தார். மெஷின் நின்றிருந்தது, மீனலோசினி அதன் சுவிட்சை அணைத்திருந்தாள். யாரும் சிரிக்கவில்லை. நாற்காலிக்கு அடியில் அவர் பெருக்க வசதியாக எல்லோரும் காலை மேலே தூக்கி வைத்திருந்தார்கள்.

“அண்ணாச்சி,” என்றாள் தங்கத்தாய், விரலைக் கீழே காட்டி. “இங்கன கொஞ்சம் விட்டுட்டீங்க.”

கோமதிநாதன் விளக்குமாற்றோடு அங்கே போனார்.