மோட்டுவளை வாத்து

ஜன்னல் வலது பக்கம் என்று அவன் சொன்னான். இடது பக்கம் என்று அவள் சொன்னாள். இரண்டுமே சரி. ஆனால் விசா ஆபீசில் இரண்டு சரிகள் சேர்ந்து ஒரு தப்பாகிவிட்டது.

கேட்ட கேள்வி ஒன்றுதான். கணவர் படுக்கும் கட்டிலுக்கு ஜன்னல் எந்தப் பக்கம்? அவளை அவள் ஊரில் ஓர் அறையில் உட்காரவைத்துக் கேட்டார்கள். அவனை அதே நாளில், அவன் வேலை பார்க்கும் இந்த நாட்டில், போனில் பிடித்துக் கேட்டார்கள். அவன் லிஃப்ட் மெக்கானிக். எதையும் வாசலில் நின்று பார்த்தே பழகியவன். கதவைத் திறந்தால் வலது கைப்பக்கம் ஜன்னல், அதைச் சொன்னான். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிறவள். எதிரே உட்கார்ந்திருப்பவரின் வலதுதான் வலது, அவருடைய இடதுதான் இடது என்று பேசிப் பேசி நாக்கு அதிலேயே படிந்துவிட்டது. வாசலுக்குக் கால் நீட்டிப் படுக்கிற புருஷனுக்கு ஜன்னல் இடது கைப்பக்கம், அதைச் சொன்னாள்.

கடிதம் வந்தது. பதில்கள் முரண்படுகின்றன, திருமண உறவு உண்மையானதுதானா என்பதில் ஐயம் உள்ளது, மனைவி மறுநேர்காணலுக்கு அழைக்கப்படுவார். அதிலும் ஐயம் தீராவிட்டால் விண்ணப்பம் மூடப்படும். மூடினால் மறுபடி முதலிலிருந்து. ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தது எல்லாம் ஆற்றில் கரைத்த புளிதான்.

அவன் அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் கட்டிலையும் ஜன்னலையும் வரைந்து பார்த்தான். காகிதத்தைச் சுற்றினான். ஜன்னல் வலதுக்கு வந்தது. இன்னொரு தரம் சுற்றினான். இடதுக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் எந்தக் கை வலது கை என்பதே சந்தேகமாகிவிட்டது.

"நடுவுல இருக்குன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா," என்றான் பெரியப்பா. பெரியப்பா அவனுடைய அறைத்தோழன். அவன் வயசுதான். வாயைத் திறந்தால் புத்திமதி வருவதால் அந்தப் பெயர்.

"ஜன்னல் எப்படிடா நடுவுல இருக்கும்?"

"பொண்டாட்டி என்ன சொல்லுவான்னு யோசிச்சு அதைச் சொல்லணும். ஊர்ல எல்லாரும் அப்படித்தான் குடும்பம் நடத்தறான். நீ உள்ளதைச் சொல்லப் போயிட்ட."

இந்தப் பெரியப்பா அவளுக்காக இரண்டு தடவை வீட்டைக் காலி பண்ணியவன். முதல் தடவை, விசா வந்துவிடும் என்று நம்பி மெத்தையைத் தூக்கிக்கொண்டு போனான். வரவில்லை, திரும்பி வந்தான். அடுத்த தடவையும் அதே கதை. இப்போது மெத்தையை விரிப்பதே இல்லை. சுருட்டி வைத்து அதன்மேல் உட்கார்ந்திருக்கிறான்.

விசா ஏஜென்டிடம் போனார்கள். அவர் நிஜப் பெயரை யாரும் சொல்வதில்லை. எதைக் கேட்டாலும் "ஆயிடும்" என்பார், அதனால் அவர் ஆயிடும்.

"உறவு உண்மைன்னு காட்ட வேற ஏதாவது இருக்கா தம்பி? மெசேஜ், கடிதம், ஏதாவது?"

"இல்லைங்க."

"ஒரு குட்மார்னிங் கூடவா இல்ல?"

"நாங்க பேசறதே கம்மிங்க."

ஆயிடும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். கல்யாணம் உண்மைதானா என்று அவருக்கே ஐயம் வந்துவிட்டது போலிருந்தது.

எப்படி விளக்குவது? ஆபீஸ் கட்டிடங்களில் லிஃப்டை ஆள் இல்லாத நேரத்தில்தான் நிறுத்தி வேலை பார்க்க முடியும். அதனால் அவனுக்கு இரவு வேலை. காலையில் வந்து குளித்துவிட்டு அவளுக்கு வீடியோ போடுவான். அவள் அப்போது கடையில் இருப்பாள். "வந்துட்டீங்களா?" "ம்." "சாப்பிட்டீங்களா?" "ம்." அதோடு சரி. போனை மல்லாக்கத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்கிப்போவான். அவள் தன் போனை லென்ஸ் டப்பாக்களுக்கு நடுவில் சாய்த்து வைத்துக்கொண்டு வேலை பார்ப்பாள். யாரும் கட் பண்ணமாட்டார்கள். அவனுடைய தூக்கத்தில் "இடது கண்ணை மூடுங்க... கடைசி வரி படிங்க... இது தெளிவா, அது தெளிவா?" என்று அவள் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். அவளுக்கு அவனுடைய குறட்டை கேட்கும். குடும்பம் நடந்தது இப்படித்தான். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

"ஆயிடும்," என்றார் ஆயிடும்.

மறுநேர்காணலுக்குத் தேதி வந்தது. கம்ப்யூட்டர் பழுது என்று தள்ளிப்போனது. இன்னொரு தேதி வந்தது. அதிகாரி மாறிவிட்டார் என்று அதுவும் தள்ளிப்போனது.

மாமியார் போன் செய்தார்.

"மாப்ள, பக்கத்து வீட்டுல கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?"

"பரிசீலனையில இருக்குன்னு சொல்லுங்க அத்தை."

"போன மழைக்கும் அதைத்தான் சொன்னேன். எனக்கே புரியல மாப்ள. கல்யாணம் ஆனதா ஆகலையான்னு அவன் எதுக்கு யோசிக்கறான்? பந்தல் போட்டது நாம. பந்தியில உக்காந்து சாப்பிட்டவங்களைக் கேட்டா தெரியாதா?"

"அவங்க ஜன்னலைப் பத்தி கேக்கறாங்க அத்தை."

"ஜன்னலா? ஜன்னல் இல்லாத வீட்டுலயா இருக்கீங்க?"

அவன் விளக்க ஆரம்பித்தான். பாதியில் அவனுக்கே குழம்பிவிட்டது. அத்தை, "சரி சரி, உடம்பைப் பாத்துக்கோங்க," என்று வைத்துவிட்டார்.

ஒருவழியாகத் தேதி நிலைத்தது. அந்த ஆபீசுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். முதல் நேர்காணலுக்குப் பிறகு பகல் முழுக்க அவள் பார்வை இந்த அறையில் இல்லாமல் போவது அன்றைக்குத்தான்.

அவன் அந்த நாளுக்குத்தான் காத்திருந்தான். அவள் வரும்போது அறை அறையாக இருக்கவேண்டும் என்று பல நாளாகத் திட்டம். மாடிவீட்டுக் குளியலறையிலிருந்து தண்ணீர் கசிந்து, கட்டிலுக்கு நேர்மேலே பெரிய கறை. மாடியில் இருப்பவர் சலூன் வைத்திருக்கிறார். முந்தின வாரம் அவர் வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டு, வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, பிளம்பரை வரவைத்துக் கசிவை அடைத்தாகிவிட்டது. கறை மட்டும் பாக்கி. அன்று வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக, தூங்காமல் ஏணியைப் போட்டான். பெரியப்பா டப்பாவைப் பிடித்துக்கொண்டான். மேலே முழுக்க வெள்ளை அடித்தார்கள். ஃபேனைத் துடைத்தார்கள். விசிறியின் ஓர் இறக்கையில் எப்போதோ சுற்றிய நீல டேப்பையும் பிய்த்துப்போட்டான்.

"அவ்வளவுதான். இனிமே மகாராணி வரலாம்," என்றான் பெரியப்பா, தலையெல்லாம் வெள்ளையாக. அன்றைக்கு நிஜமாகவே பெரியப்பாவாகத் தெரிந்தான்.

போன் அடித்தது. அவள்தான். ஆபீஸ் வாசலிலிருந்து. மூச்சு வாங்கியது.

"முடிஞ்சிருச்சுங்க! புது ஆபீசர், ஒரு அம்மா. பேப்பரைக் குடுத்து உன் புருஷன் ரூமை வரைன்னு சொல்லிட்டாங்க."

"ஜன்னல் எங்க போட்ட?"

"ஜன்னலே போடல. மறுபடி எதுக்கு வம்பு? எனக்கு எது நல்லாத் தெரியுமோ அதைப் போட்டேன்."

"எதை?"

"சீலிங்கை."

அவன் கையிலிருந்த பிரஷைக் கீழே வைத்தான்.

"பின்ன? ஒரு வருஷமா மோட்டுவளையைத்தானே பாத்துக்கிட்டு இருக்கேன். ஃபேன் போட்டேன். நீல டேப் போட்டேன். அப்புறம் வாத்து."

"வாத்தா?"

"அந்தக் கறைங்க. வாத்து மாதிரி இருக்கும்ல? மொதல்ல தலை மட்டும்தான் இருந்துச்சு. அப்புறம் கழுத்து வந்துச்சு, மழை பெய்ஞ்சப்ப வால் வந்துச்சு. எல்லாத்தையும் சொன்னேன். அந்தம்மா சிரிச்சிட்டாங்க. புருஷன் மூஞ்சியை விட சீலிங்கைத்தான் நல்லாப் பாத்திருக்கன்னாங்க. பொய் சொல்றவ இதையெல்லாம் சொல்லமாட்டான்னாங்க. இந்த மாசம் முடியறதுக்குள்ள உங்களை ஒரு போட்டோ அனுப்பச் சொன்னாங்க. வாத்து இருந்தா போதும், கையெழுத்துப் போட்டுடறேன்னு சொல்லிட்டாங்க!"

அவன் அண்ணாந்து பார்த்தான். பால் போல வெள்ளை.

"ம்," என்றான். அவனுடைய ம்-களில் அவளுக்குத் தெரியாத ம் கிடையாது.

"என்னங்க? என்ன ஆச்சு?"

போனை மேலே திருப்பிக் காட்டினான்.

வண்டி இரைச்சலுக்கு நடுவே அவள் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"இது யார் வீடு?" என்றாள்.

"நம்ம வீடுதான்."

"என் வாத்து எங்க?"

நல்லது செய்தானா கெட்டது செய்தானா என்று அவனுக்கே தெரியவில்லை.

ஆயிடும் தலையில் கையை வைத்துக்கொண்டார். "வெள்ளை அடிச்சதை எழுதிக் குடுத்தா, இன்டர்வியூ நடக்கற அன்னிக்கே எதுக்கு அடிச்சேன்னு கேப்பாங்க. மறைக்கத்தான்னு சொல்லுவாங்க. பழைய போட்டோ இருக்கா?"

"கறையை யாருங்க போட்டோ எடுப்பா?"

அவளும் தன் போன் முழுக்கத் தேடியிருந்தாள். ஒரு வருஷம் பார்த்ததில் ஒன்றைக்கூடப் பிடித்து வைக்கவில்லை. இருக்கிறதுதானே என்று விட்டுவிட்டாளாம்.

"டீயைத் தொட்டு நாமளே வரைஞ்சிடலாம்," என்றான் பெரியப்பா. "கறைதானே, காசா பணமா?"

வேறு வழி தெரியாமல் அவன் டீ டம்ளரோடு ஏணியில் ஏறினான். விரலை நனைத்து மேலே கொண்டுபோனான். விரல் அங்கேயே நின்றது. வாத்து எங்கே இருந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. இத்தனை நாள் அதன் அடியில் படுத்தவன். படுத்ததும் கண்ணை மூடுகிறவன். கறை என்று தெரியும், கோபம் வரும், அவ்வளவுதான். தலை எங்கே, வால் எங்கே, எதுவும் தெரியாது.

"மூக்கு எந்தப் பக்கம்?" என்று போனைப் பார்த்துக் கேட்டான்.

"ஜன்னல் பக்கம்."

"அது வலமா, இடமா?"

கேட்ட பிறகுதான் கேட்டது உறைத்தது. அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு அது சிரிப்பு மாதிரி கேட்கவில்லை.

"இறங்குங்க," என்றாள். "பொய் வாத்து வேணாம். நான் உள்ளதைத்தான் சொன்னேன். அதுல நீங்க டீயை ஊத்தாதீங்க."

இறங்கினான். டம்ளரைக் கழுவி வைத்தான். சட்டையை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினான்.

சலூன்காரர் கதவைப் பாதி திறந்தார்.

"மறுபடி என்னய்யா? சொட்டு நின்னு போச்சுல்ல?"

"அதாங்க பிரச்சினை."

"என்ன?"

"மறுபடி ஒழுகணும்ணே."

போன வாரம் அவரை "யோவ்" என்று கூப்பிட்டிருந்தான். இப்போது "அண்ணே". அவர் அதைக் கவனித்தார். கதவை முழுசாகத் திறந்தார்.

"வாசல்ல நின்னு என் மானத்தை வாங்கின. குழாயடைக்க என் டைல்ஸை உடைக்க வச்ச. இப்ப ஒழுகணுமா? தூக்கம் கெட்டு மண்டை குழம்பிப் போச்சா உனக்கு?"

அவன் சொன்னான். ஜன்னலில் ஆரம்பித்து வாத்து வரைக்கும். முன்னுக்குப் பின்னாகத்தான் சொன்னான். சலூன்காரர் நடுவில் மூன்று தரம் "இரு இரு, இது யார் சொன்னது?" என்று கேட்டார். கடைசியில் சுவரில் சாய்ந்துகொண்டு யோசித்தார். தலைமுடியைப் பார்த்து அளவு யோசிக்கிறவர் மாதிரி.

"எவ்வளவு ஒழுகணும்?"

"வாத்து அளவுக்குண்ணே."

"கூடிப்போச்சுன்னா?"

"என்னண்ணே?"

"மயில் கியில் ஆயிடப் போகுது, அதான் கேக்கறேன்." உள்ளே போனார். "குழாயைத் தொடமாட்டேன். வடிகாலைச் சுத்தி அடைச்ச பூச்சைக் கொஞ்சம் சுரண்டிடறேன். விசா வந்த அன்னிக்கு நீதான் உன் கையால பூசிக் குடுக்கணும், சரியா?"

மறுநாளிலிருந்து அவன் சரியாகத் தூங்கவில்லை. காலையில் வந்து குளித்துப் படுத்து, போனை மல்லாக்க வைத்து, அவனும் மல்லாக்கக் கிடந்தான். கல்யாணமான இத்தனை நாளில் அவள் பார்ப்பதை அவனும் சேர்ந்து பார்ப்பது இதுதான் முதல் தரம். எவ்வளவு பெரிய வெள்ளை. அதில் பார்க்க ஒன்றுமே இல்லை. இதையா ஒரு வருஷமாக வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்?

"வலது கண்ணை மூடுங்க," என்றாள் யாரிடமோ. "படிங்க... இப்ப எப்படி இருக்கு?"

நாட்கள் போயின. மாசம் முடிகிற நேரத்தில் சுண்ணாம்புக்கு அடியிலிருந்து மங்கலாக ஒரு மஞ்சள் கிளம்பியது. முதலில் அவனுக்குக் கண் கோளாறு என்று தோன்றியது. அவள்தான் சொன்னாள்.

"என்னங்க, அங்க ஏதோ தெரியுது."

"தலையா?"

"தெரியல. இருங்க." கடையில் யாரையோ உட்காரச் சொல்லிவிட்டுப் போனைக் கையில் எடுத்தாள். அவள் முகம் கண்ணாடிகளுக்கு நடுவில் பெரிதாக வந்தது. "கழுத்து மாதிரி இருக்கு. ஆனா பழைய கழுத்து இல்ல. இது வேற."

"வாத்து இல்லையா?"

"வாத்துதான்னு நினைக்கிறேன். குண்டாயிருச்சு."

அவன் ஏணியில் ஏறிப் போட்டோ எடுத்தான். ஆயிடும் எழுதாதே எழுதாதே என்று சொல்லியும் கீழே எழுதினான்: 'அவள் வருவாள் என்று வெள்ளை அடித்தேன். தெரியாமல் அடித்துவிட்டேன். நானேதான் மறுபடி ஒழுக வைத்தேன். கறை மட்டும் தானாகத் திரும்ப வந்திருக்கிறது. அதுதானா என்று எனக்குத் தெரியாது. என் மனைவிக்குத் தெரியும்.' ஆயிடும் படித்துப் பார்த்தார். அன்றைக்கு மட்டும் அவர் ஆயிடும் என்று சொல்லவில்லை. அப்படியே அனுப்பிவைத்தார்.

பதில் இன்னும் வரவில்லை. பரிசீலனையில் இருக்கிறது என்றே காட்டுகிறது. பெரியப்பா மெத்தைமேல் உட்கார்ந்தபடி சலூன்காரரோடு சேர்ந்து பந்தயம் கட்டியிருக்கிறான், வால் முதலில் வருமா விசா முதலில் வருமா என்று.

இன்று காலையும் அவன் வந்து படுத்தான். போனை மல்லாக்க வைத்தான்.

"வந்துட்டீங்களா?"

"ம்."

"கண்ணை மூடுங்க. எத்தனை நாளாச்சு தூங்கி."

"வால் வந்தா?"

"நீங்க தூங்குங்க," என்றாள். லென்ஸ் டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. "நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."