ஆமென் சொல்லாத நாலு நாள்

எங்கள் வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் அது ஜெபத்தில்தான் நடக்கும். காலை ஆறு மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து கண்ணை மூடுவோம். முதலில் அவர் ஜெபிப்பார், பிறகு நான். முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வராததை எல்லாம் ஆண்டவரிடம் சொல்வோம், அதுவும் மற்றவர் காதில் நன்றாக விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாக. கல்யாணமான புதிதில், "ஆண்டவரே, சமையலில் உப்பைக் குறைக்க உமது அடியாளுக்குக் கிருபை செய்யும்" என்று இதை ஆரம்பித்து வைத்த புண்ணியவான் அவர்தான். நான் சும்மா விடுவேனா? "போட்டதைக் குறை சொல்லாமல் சாப்பிடும் மனதை உமது அடியாருக்குத் தாரும்" என்றேன். நாற்பத்து நாலு வருஷமாக இப்படியே ஓடுகிறது.

அவர் போதகர். ஓய்வு பெற்ற மறுமாதமே மிஷன் சங்கத்தார் எங்களை ஐந்து வருஷத்துக்கு இந்தத் தேசத்துக்கு அனுப்பி வைத்தார்கள். இப்போது அவருக்கு எழுபது, எனக்கு அறுபத்தாறு. நாலாம் மாடியில் இரண்டு அறை வீடு. பஸ்ஸில் எட்டு நிறுத்தம் தள்ளி, ஒரு சலவைக் கடைக்கு மேலே எங்கள் ஜெபக்கூடம். சனிக்கிழமை இருவரும் போய்ப் பெருக்கித் துடைத்து இருபத்து நாலு நாற்காலி போடுவோம். வருகிறவர்கள் ஒன்பது பேர். அதில் ஒருவர் தூங்குவதற்கென்றே வருகிறவர். "பன்னெண்டு போட்டா போதாதா? காலியாத் தெரியாதே" என்று கேட்டால், "வர்றவங்களுக்கு இடமில்லாம போயிடக் கூடாதும்மா" என்பார். என்னத்தைச் சொல்ல!

செவ்வாயும் வியாழனும் நான் முதியோர் இல்லத்துக்குப் போய், யாரும் பார்க்க வராதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவர்கள் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. நான் பேசுவது அவர்கள் காதில் ஏறாது. இந்த ஊர் பாஷையில் எனக்கு நன்றி சொல்லத் தெரியும், மன்னிப்புக் கேட்கத் தெரியும், சண்டை போடத் தெரியாது. சண்டை போட முடியாத ஊரில் ஒரு மனுஷி எப்படிக் காலம் தள்ளுவாள்? ஐந்து வருஷத்தில் எங்கள் வீட்டு மணியை அடித்தவர்கள் தபால்காரரும் மீட்டர் பார்ப்பவரும்தான். ஒருநாள் தனிமை தாங்காமல் அந்த மீட்டர்காரரைக் காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். மனுஷன் பயந்துபோய் லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் இறங்கி ஓடிவிட்டார். சிரிக்காதீர்கள், அன்றைக்கு நான் அழுதேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, சங்கத்திலிருந்து வந்த படிவத்தை அவர் பிரித்தார். இன்னும் மூன்று வருஷம் இருக்கிறீர்களா, ஊர் திரும்புகிறீர்களா? ஒன்றில் குறியிட்டு இருவரும் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அவர் 'இருக்கிறோம்' என்பதில் குறியிட்டு, கையெழுத்தையும் போட்டு, என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு வந்ததே ஆத்திரம்! நான் இங்கே ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஆயுசு முழுக்கச் சபை கொடுத்த வீட்டிலேயே இருந்துவிட்டோம், சொந்தமாக ஒரு செங்கல் கிடையாது, வாஸ்தவம். ஆனால் மகன் வீடு இருக்கிறதே. ஒரே மகன். அவன் வீட்டு முன்னறையில் கட்டில் எங்கே, தையல் மெஷின் எங்கே என்று மனசுக்குள் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்து, அவரிடமும் சொல்லியாகிவிட்டது. பிள்ளைகளை அதட்டலாம். மருமகளோடு முறைத்துக்கொள்ளலாம். கொழுந்தன் பெண்டாட்டி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பாள், அவள் போன பிறகு அவளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசலாம். அதுதானே வாழ்க்கை!

திங்கட்கிழமை காலை அவர், "பிதாவே, இந்த இடத்தில் எங்களை இன்னும் சில காலம் வைத்தருளும்" என்று ஜெபித்து முடித்தார். நான் ஆமென் சொல்லவில்லை. ஒருவர் ஜெபித்தால் மற்றவர் ஆமென் சொல்ல வேண்டும். சொல்லாமல் விடுவது நீட்டிய கையைப் பிடிக்காமல் திரும்பிக்கொள்வது போல. உப்புச் சண்டையில்கூட நான் அதைச் செய்ததில்லை. பிறகு என் முறை வந்தது. "வயதான காலத்தில் பெற்ற பிள்ளையோடு இருக்கும் பாக்கியத்தை எங்களுக்குத் தாரும்" என்றேன். அதற்கு அவர் ஆமென் சொன்னார். மெதுவாக, ஆனால் சொன்னார். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

செவ்வாயும் புதனும் அப்படியே போயின. "காபி", "பஸ் வந்துடும்", "குடை எடுத்துக்குங்க" என்பதைத் தவிர வீட்டில் பேச்சில்லை. வியாழக்கிழமை அவர் வாயைத் திறக்குமுன் நானே முந்திக்கொண்டேன்.

"ஆண்டவரே, ஊழியத்தில் பேர் வாங்க வேண்டும் என்று சிலருக்கு ஆசை. பெண்டாட்டி ஏக்கம் பிடித்துச் செத்தாலும் அவர்களுக்கு ஒன்றுமில்லை. அந்தக் கல் மனதை நீரே உடைத்துப் போடும்."

அவர் ஆமென் சொல்லவில்லை. மிகவும் தணிந்த குரலில் ஜெபித்தார்.

"பிதாவே, நீர் அறிவீர். போன மாதம் நான்தான் மகனைப் போனில் கூப்பிட்டு, நாங்கள் வந்துவிடுகிறோம் என்று சொன்னேன். அவன், 'அப்பா, இங்கே சரிப்படாது. மாமியார் எங்களோடு இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் படிக்க அறை வேண்டும். முடிகிற வரைக்கும் அங்கேயே இருங்களேன்' என்றான். அவன் நல்ல பிள்ளை, அவன்மேல் கோபமாயிராதேயும். இவளோ முன்னறையில் கட்டில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இவளிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பேர் வாங்குவதற்காக நான் இருக்கக் கேட்கவில்லை, பிதாவே. எங்களுக்குப் போக இடமில்லை."

எனக்கு ஆமென் சொல்ல வாய் எழவில்லை. கண்ணையும் திறக்கவில்லை. திறந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். கடைசியில் நாற்காலி நகர்கிற சத்தமும், கதவு சாத்துகிற சத்தமும் கேட்டது. காபியைத் தொடாமலே போய்விட்டார்.

அன்றைக்கு நான் முதியோர் இல்லத்துக்குப் போகவில்லை. பெற்ற மனசு நம்புமா? மகனுக்குப் போன் போட்டேன்.

"அம்மா! என்னம்மா இந்த நேரத்துல? ஆபீஸ்ல இருக்கேன்."

"சும்மாதான்பா. அஞ்சு வருஷம் முடியப் போகுதில்ல..."

"அப்பா ஏதாவது சொன்னாராம்மா?" என்றான்.

'வந்துடுங்கம்மா' என்று ஒரு வார்த்தை, பேச்சுக்காவது சொல்லுவான் என்று காத்திருந்தேன். அவனுக்குப் பக்கத்தில் யாரோ டைப் அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அவர் என்ன சொல்லப் போறாரு? இன்னும் மூணு வருஷம் இருங்கன்னு சங்கத்துல கேக்கறாங்க. இருக்கலாம்னு பாக்கறோம்."

"அப்படியா! நல்லதும்மா. உங்களுக்கும் அங்க பழகிடுச்சில்ல? ஆஸ்பத்திரி வசதி எல்லாம் அங்கதானே நல்லா இருக்கும்?"

குரல் அப்படியே லேசாகிவிட்டது. பரீட்சையில் பாஸ் என்று தெரிந்த அன்றைக்கு இப்படித்தான் பேசினான். நான் கேட்காமலே மழை, பிள்ளைகள், புது ஸ்கூட்டர் என்று கதை கதையாகச் சொன்னான். பாவிப்பயல், ஐந்து வருஷத்தில் என்னோடு இவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

சாயங்காலம் அவர் வந்தபோது புதுக் காபி போட்டு வைத்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஷூவைக் கழற்ற உட்கார்ந்தார்.

"பையன்கிட்ட பேசினேன்" என்றேன்.

அவர் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது.

"அடுத்த மாசமே டிக்கெட் போடறேன், ரெண்டு பேரும் கிளம்பி வாங்கன்னு ஒரே பிடிவாதம். நான்தான் முடியாதுன்னுட்டேன். எங்களுக்கு இங்க தலைக்கு மேல வேலை கிடக்குடான்னேன். ரொம்பக் கோச்சுக்கிட்டான்."

அவர் நிமிர்ந்து என்னையே பார்த்தார். எதையாவது சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பக்கென்றது. பிறகு குனிந்து மறுபடியும் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"கோச்சுக்கத்தான் செய்வான். உன்னை விட்டுட்டு அவனால இருக்க முடியாதே" என்றார்.

"ஆமா" என்று சொல்லிவிட்டு, படிவத்தை எடுத்து அவர் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.