சுவரில் ஒட்டிய கூடு

பூச்சியம்மாவிடமிருந்து ஒரு பூச்சியின் பெயரை வாங்குவது குதிரைக்கொம்புதான். அருங்காட்சியகத்தில் பூச்சிப் பிரிவுக்கு அவள்தான் விஞ்ஞானி. சனிக்கிழமைதோறும் பொதுமக்கள் டப்பாவிலும் காகிதத்திலும் எதையாவது பொத்திக்கொண்டு வருவார்கள். "இது என்ன மேடம்?" என்று கேட்டால் ஒரு பூதக்கண்ணாடியைக் கையில் திணித்து, "இது என்ன பண்ணுதுன்னு பாத்துட்டு அடுத்த வாரம் வந்து சொல்லுங்க" என்பாள். பெயர் தெரிந்ததும் ஜனங்கள் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள் என்பது அவள் கட்சி. பத்துப் பேரில் ஒன்பது பேர் கண்ணாடியோடு கம்பி நீட்டிவிடுவார்கள். மேலதிகாரி தலையில் அடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

வீட்டிலும் இதே கூத்துதான். மகன் சின்ன வயதில் "இன்னிக்கு என்ன சமையல்?" என்று கேட்டால்கூட "மோந்து பாத்துச் சொல்லு" என்பாள். அவன் வளர்ந்து, வேறு ஊரில் வேலை, மனைவி, மகள் என்று ஆன பிறகு மாதம் ஒருமுறை போன் செய்வான். நாலே நிமிடம். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், அவ்வளவுதான். அவன் வைத்த பிறகு அந்த நாலு நிமிடத்தைத்தான் அவள் மாதம் முழுக்க அசைபோடுவாள். பேச வேறு ஆள் இல்லை. ஊசியில் குத்தி வைத்த வண்டுகள் பதில் சொல்லவா போகின்றன?

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் அவனாகவே கூப்பிட்டான்.

"அம்மா, செவுத்துல பூசணி விதை மாதிரி ஒண்ணு ஒட்டியிருக்கு. நகருது."

அவன் முடிக்குமுன்னே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தூசியையும் நூலையும் ஒட்டவைத்துக் கூடு கட்டி, அதைச் சுமந்தபடியே ஊரும் புழு. பின்னால் சின்ன அந்துப்பூச்சியாகும். ஆபத்தில்லை. இதைச் சொன்னால் அடுத்த நிமிடமே போனை வைத்துவிடுவான். அவள் சொல்லவில்லை. பாடம் நடத்துவதற்காக அல்ல. அவன் நாளைக்கும் கூப்பிட வேண்டும் என்ற வெட்கங்கெட்ட ஆசைக்காக.

"தலை எந்தப் பக்கம் வருதுன்னு பாரு. நாளைக்குச் சொல்லு."

செவ்வாய்க்கிழமை, "ரெண்டு பக்கமும் வருதும்மா! உள்ளேயே திரும்பிக்குது போல" என்றான். புதன்கிழமை, அது போன தூரத்துக்குச் சுவரில் பென்சிலால் கோடு போட்டிருந்தான். வியாழக்கிழமை அரை மணி நேரம் பேசினான். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் சொல்லி எடுபடாதது சொந்த மகனிடம் எடுபட்டதே! இத்தனை நேரம் அவனுக்கு எப்படிக் கிடைக்கிறது என்று அந்த மகா விஞ்ஞானிக்குத் தோன்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை அடுத்த கேள்வியோடு தயாராக இருந்தாள்.

"கூடு எதால கட்டியிருக்கு? நடுப்பகுதி பழசு. புழு வளர வளர ரெண்டு ஓரத்துலயும் சேத்துக் கட்டும். போன் கேமராவுல பெருசாக்கிப் பாரு."

அவன் பார்த்தான்.

"நடுவுல ரோஸ் கலர் நூல். பாப்பாவோட ஸ்வெட்டர்னு நினைக்கிறேன். ஒரு நீளமான முடி சுத்தியிருக்கு."

"ஓரத்துல?"

"வெறும் தூசி."

"ரெண்டு ஓரத்துலயுமா?"

"ரெண்டுலயும்தாம்மா," என்றான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தப் புழு அகப்பட்டதை எடுத்துக் கட்டும். அந்த வீட்டில் நீள முடியும் ரோஸ் நூலும் பல வாரமாக அகப்படவில்லை.

"அவங்க போயி ஆறு வாரம் ஆச்சும்மா," என்றான். "பாப்பாவைக் கூட்டிக்கிட்டு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. திரும்பி வர மாட்டாளாம். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

ஏன், எதற்கு, யார் மேல் தப்பு என்று நாலு கேள்வி அவள் வாய்வரை வந்தது. எல்லாவற்றையும் விழுங்கினாள்.

"நான் வர்றேன்."

"வேண்டாம்மா. நான் நல்லாத்தான் இருக்கேன்."

"உன்னைப் பாக்க யாரு வர்றா? புழுவைப் பாக்க வர்றேன். காலையில முதல் பஸ்."

"சனிக்கிழமையாச்சே, உனக்கு வேலை இருக்குமே?"

"பூட்டிட்டு வர்றேன்."

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அதுவரைக்கும் இது இங்கேயே இருக்குமாம்மா?"

யாரால் சொல்ல முடியும்? புழு நினைத்தால் அலமாரிக்குப் பின்னால் போய்விடும். கண்ணால் பார்க்காத எதையும் அடித்துச் சொல்வதில்லை அவள்.

"எங்கேயும் போகாது," என்றாள். "நான் வர்ற வரைக்கும் அங்கேயேதான் இருக்கும்."