காந்தத்தில் ஒட்டிய வெள்ளி

தராசு பழுதுபார்க்கும் அவள் ஒன்பது வருஷமாக, போர்ச்சுகீசியர் ஆண்ட காலத்து ஆப்பிரிக்க வெள்ளி நாணயங்களைச் சேர்த்துவந்தாள். தேடித் தேடி ஒரு மொசாம்பிக் நாணயத்தைப் பழம்பொருள் கடையில் வாங்கி வந்து தராசில் வைத்தாள். எடை குறைவாக இருந்தது. காந்தத்தைக் காட்டினாள். வெள்ளி ஒட்டாது, இது துள்ளிப்போய் ஒட்டிக்கொண்டது.

“இரும்பை உன் தலையில கட்டிட்டானா?” என்று கணவன் சிரித்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாணயத்தையும் காந்தத்தையும் எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போனாள்.

“ஆப்பிரிக்க வெள்ளி கொஞ்சம் ஒட்டத்தாம்மா செய்யும்,” என்று கடைக்காரர் பல்லைக் காட்டினார்.

“யார் காதுல பூ சுத்துறீங்க? எடைக்கல்லோட இருபது வருஷமாக் குடும்பம் நடத்துறவ நான்!”

கடையில் நின்ற மூன்று பேர் பார்க்க, தட்டிலிருந்த நாணயங்களின் மேல் காந்தத்தை ஓட்டினாள். பதினான்கு நாணயங்கள் கொத்தாக எழும்பின. ஒரு பெரியவர் அப்போதுதான் வாங்கியதைப் பதறிப்போய் நீட்டினார். அதுவும் ஒட்டியது.

கடைக்காரர் அவசரமாக அவள் பணத்தை எடுத்தார். “வாங்கிட்டுப் போயிடுங்கம்மா, சத்தம் வேணாம்.”

“முதல்ல அவருக்குக் குடுங்க,” என்றாள். பெரியவர் பணத்தை வாங்கியபிறகும் அவள் நகரவில்லை. கடைக்காரர் ஷட்டரை இறக்கும்வரை, உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் காந்தத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.