அரைப்பேர் மாத்திரை

என் பயத்துக்கு மாத்திரை தந்தது ஒரு டொக்டர். அளவு சொன்னது மழைக் கிளாஸ். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், எங்கள் தோட்டத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

றக்வானைக்கு மேலே, பஸ்ஸைப் பின்னுக்கு எடுத்துத் திருப்புகிற வளைவைத் தாண்டினால் எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கே புள்ளக் காம்பராவுக்கு நான்தான் டீச்சர். தாய்மார் கொழுந்து பறிக்கப் போனதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் அது. கட்டடத்தின் முதுகிலேயே மலை. போன வருஷ மழையில் மேட்டு லய வீடுகளுக்குப் பின்னால் மண் சரிந்தது. ஆள் சேதம் இல்லை. ஆனால் அந்தச் சத்தத்தை நான் கேட்டுவிட்டேன். அதன் பிறகு தகரத்தில் நாலு துளி விழுந்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை நடுங்கும், மூச்சு பாதியில் நிற்கும். ஒரு தடவை வெறும் தூறலுக்கே ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி, பள்ளிக்கூட வாசலில் மயங்கி விழுந்தேன். பிள்ளைக்கு நெற்றியில் காயம். என்னை நம்பித்தானே விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று நினைத்து நினைத்து அழுதேன்.

என் வீட்டுக்காரர் கிருஷ்ணராஜ் தன் ஆட்டோவிலேயே என்னை டவுனுக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு டிஸ்பென்சரியில் சின்ன வெள்ளை மாத்திரை தந்தார்கள். பயம் வந்தால் பாதி போடு, தாங்கவில்லை என்றால் முழுசு போடு என்றார்கள். கொஞ்ச நாளைக்குத்தான் என்றும் சொன்னார்கள். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதே சமயத்தில்தான் மண்சரிவு, வெள்ளம் பார்க்கிற அனர்த்த முகாமைத்துவக்காரர்கள் வந்து, புள்ளக் காம்பரா வாசலில் மழை அளக்கிற கிளாஸ் ஒன்றை நட்டுவிட்டுப் போனார்கள். மஞ்சள் கோட்டைத் தொட்டால் கவனம், செம்மஞ்சள் என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் ஆட்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பு. பகல் முழுக்க அங்கேயே கிடக்கிறவள் நான்தானே, அதனால் பொறுப்பும் என் தலையில்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் விழும், அதுதான் ஒரு நாள் சம்பளம். மழையில் பாதியோடு நின்றால் அரைப்பேர். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு ஒன்றரைப் பேர். பிறந்ததிலிருந்து இந்தக் கணக்கைக் கேட்டே வளர்ந்தவள் மாத்திரையை வேறு எப்படி அளப்பாள்? மஞ்சளுக்கு அரை, செம்மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்றரை. எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

முதலில் மாத்திரையும் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. அரை போட்டுப் பிள்ளைகளுக்குப் பால் கரைத்து முடிப்பதற்குள் நெஞ்சு அடங்கிவிடும். ஒரு சில மாதம் போனதும் அரைக்கு ஒன்றும் ஆகவில்லை. மஞ்சளுக்கே முழு மாத்திரை கேட்டது. பிறகு வெயில் நாளிலும் கேட்டது.

எனக்கு எதையும் சும்மா விட முடியாது. மாத்திரையை நுணுக்கி நாக்கில் வைத்துப் பார்த்தேன், அதே கசப்பு. கம்பெனியை மாற்றிவிட்டார்களோ என்று பாமசியில் கேட்டேன். "ஏகம தமாய் நோனா" என்றார் அங்கே இருந்த சிங்கள மஹத்தயா, அதேதான் என்று. தேத்தண்ணீரோடு போடுவதால் முறிந்துவிடுகிறதோ என்று சுடுதண்ணீரோடு போட்டுப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை.

"மாத்திர அப்படியேதான் இருக்கு. நீதான் புள்ள மாறிட்ட" என்றார் கிருஷ்ணராஜ். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் பின்னேரம் நல்ல மழை. செம்மஞ்சளுக்கே இரண்டு மாத்திரை போட்டிருந்தேன். வெளியே போய்ப் பார்த்தால் தண்ணீர் சிவப்பைத் தொட்டிருந்தது. ஓ, சிவப்பு என்று நினைத்தேன். அவ்வளவுதான். உள்ளே வந்து பாயில் உட்கார்ந்து ஒரு பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்குச் சோறாக்குகிற மருதாயி அக்கா வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அடியே ஷாமிளா, செவப்பு வந்திருச்சு! என்னாடி இப்படி உக்காந்திருக்க?"

அவர்தான் எல்லோரையும் கிளப்பினார். மலைக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாள் தெளிந்த பிறகு, அந்தப் பாயில் நான் எவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்தபோது உடம்பெல்லாம் கூசியது. மாத்திரை இல்லாவிட்டால் விழுகிறேன், போட்டால் எழும்பமாட்டேன் என்கிறேன். பிள்ளைகளை என்ன செய்வது?

அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநல கிளினிக் இருக்கிறது என்று மருதாயி அக்காதான் சொன்னார். அங்கே இருந்த டொக்டர் நூரியா தமிழில் பேசினார். பாதி உயிர் அதிலேயே வந்தது.

"ஒரு நாளைக்கு எத்தன போடுறீங்க?"

"மழையப் பொறுத்து மிஸ்."

அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். நான் மஞ்சள், செம்மஞ்சள், அரைப்பேர், ஒன்றரைப் பேர் எல்லாவற்றையும் விளக்கினேன். சிரித்துவிட்டு, உடனே "சொறி" என்று மன்னிப்புக் கேட்டார்.

"மருந்து கெட்டுப் போகல்ல ஷாமிளா. உங்க மூளை அதுக்குப் பழகிட்டு. நாள் போகப் போக அதே பயத்துக்குக் கூட மருந்து கேக்கும். அதனாலதான் இதக் கொஞ்ச நாளைக்கு மட்டும் குடுக்கிறது."

கிருஷ்ணராஜ் சொன்னது சரிதான் என்பது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

"அப்ப இன்னைக்கே நிப்பாட்டிர்றேன் மிஸ்."

"அத மட்டும் செய்ய வேணாம். சடார்னு விட்டா வலிப்புக்கூட வரலாம். நான் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்போம். அதோட இந்தப் புது மருந்து. தினமும் காலையில ஒண்ணு. மழையோ வெயிலோ, ஒண்ணுதான்."

"போட்ட உடனே தெரியுமா?"

"தெரியாது. சில கிழம போகணும், ஒரு மாசம்கூட ஆகலாம். முதல்ல படபடப்பு கொஞ்சம் கூடினாலும் கூடும், பயந்து விட்டுறாதீங்க."

"உடனே வேல செய்யலன்னா, அவ்வளவு நாளும் உள்ளுக்குப் போய் என்னதான் மிஸ் பண்ணும்?"

"இவ்வளவு கேள்வி கேட்டா கிளினிக் முடியாது" என்றார். ஆனாலும் ஒரு கடதாசியில் படம் கீறிச் சொல்லித்தான் அனுப்பினார். பாதி புரிந்தது.

பளீரென்ற வெயிலில் பயத்துக்கு மாத்திரை போடுவது எனக்கு வெட்கமாக இருந்தது. முதல் கிழமைகளில் குமட்டல். கனவுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வந்தன. பழைய மாத்திரையில் கால்வாசி குறைத்த நாட்களில் கொழுந்து லொறியின் சத்தம்கூட நெஞ்சுக்குள் ஓடியது. ஆனால் எனக்கு அதிலும் ஒரு ஆவல் வந்துவிட்டது. நடுக்கம் எந்த விரலில் தொடங்குகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பேன். முழுசாக அடங்கும் வரை ஒருநாளும் பொறுத்துப் பார்த்ததில்லை, அதற்குள் மாத்திரையை விழுங்கியிருப்பேன். அது தானாக இறங்குவதை முதல் தடவை பார்த்தபோது, யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றே நினைத்தேன். மிச்சப் பழைய மாத்திரைகளைக் கிருஷ்ணராஜ் ஆட்டோவில் பூட்டி வைத்து, டொக்டர் சொன்ன அளவை மட்டும் தந்தார். பிறகு அதுவும் நின்றது.

ஐப்பசியில் மழை பிடித்தது. மத்தியானம் பிள்ளைகள் சேலைத் தொட்டில்களில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். செம்மஞ்சளைத் தாண்டியதும் என் கை ஆட ஆரம்பித்தது. என்னால் முடியாது என்று தோன்றியது. கிருஷ்ணராஜுக்குப் போன் எடுத்து, "அந்த மாத்திரையக் கொண்டாங்க" என்று கத்தினேன்.

அவர் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தபோது தண்ணீர் சிவப்பில் இருந்தது. மருதாயி அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டிருந்தோம்.

"இந்தா புள்ள, மாத்திர."

என் இடுப்பில் ஒரு பிள்ளை, தோளில் ஒரு பிள்ளை. வாங்க எனக்குக் கை இல்லை.

"அப்புறம் பாத்துக்கலாம். தொட்டில்ல இருக்கிற சசியத் தூக்குங்க!"

தார்ப்பாய்ப் படங்குகளைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஏறினோம். நெஞ்சு அடித்த அடியில், தோளில் இருந்த பிள்ளை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. மூச்சு பாதியில் நின்றது, பிறகு வந்தது. கால் மட்டும் நடந்துகொண்டே இருந்தது. இது எப்படி என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இந்தத் தடவை வாசலில் நான் விழவில்லை.

பிள்ளைகளுக்குத் தலை துவட்டி, பெஞ்சுகளை ஒன்றாகப் போட்டுப் படுக்க வைத்தோம். தாய்மார் மலையிலிருந்து ஓடி வந்து அவரவர் பிள்ளையைக் கட்டிக்கொண்டார்கள். புள்ளக் காம்பராவில் சாமான்களைப் பார்த்துவரப் போன கிருஷ்ணராஜ் திரும்பி வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். உதடெல்லாம் வெளுத்திருந்தது.

"மண்ணு வந்திருச்சு. தொட்டிலு உயரத்துக்கு."

அதுவரை நின்ற என் கால் அப்போதுதான் மடங்கியது. சுவரோடு சரிந்து உட்கார்ந்தேன். பல் கிடுகிடுவென்று அடித்தது, அழுகை வந்தது, நிறுத்த முடியவில்லை. கிருஷ்ணராஜ் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்தார்.

"இப்பவாச்சும் போடு புள்ள."

நான் அவருடைய கையை மூடிவிட்டேன்.

"வேணாங்க. பக்கத்துலயே இருங்க. நான் கொஞ்ச நேரம் பயந்துக்கிறேன்."