கலக்கி யார் கணக்கில்?

பெயின்ட் கம்பெனியில் கலவை பார்க்கும் அவளுக்கு அன்று தலை சுற்றியது. தராசின் மேல் நிற்கும் தொட்டியில் சரியாக இருநூறு கிலோ பெயின்ட் ஊற்றியிருந்தாள். கூரையிலிருந்து சங்கிலியில் தொங்கும் இரும்புக் கலக்கியை உள்ளே இறக்கியதும் தராசு இருநூற்று ஆறு என்றது. கலக்கி தொட்டியின் அடியையோ பக்கத்தையோ தொடவே இல்லை.

அங்கேயே எலக்ட்ரீஷியனாக இருக்கும் கொழுந்தனைக் கூப்பிட்டாள். அவன் தராசைக் குடைந்து பார்த்தான்.

“தராசு நல்லாத்தான் இருக்கு அண்ணி.”

“அப்ப ஆறு கிலோ ஆகாசத்துலேர்ந்தா குதிச்சுது? கலக்கியைச் சங்கிலிதானே தாங்குது?”

“முழுசா தாங்கலை. பெயின்ட் அதைக் கொஞ்சம் மேலே தள்ளுது. அதே அளவுக்கு அது பெயின்ட்டைக் கீழே அமுக்குது.”

“அப்ப கலக்கி தொட்டியோட சேர்த்தியா, கூரையோட சேர்த்தியா?”

அவன் தரையில் சாக்பீஸால் தொட்டியை வரைந்து, அதைச் சுற்றிக் கோடு போட்டான்.

“கலக்கியைக் கோட்டுக்கு வெளியே விட்டா, அது அமுக்குறதைக் கூட்டணும். உள்ளே சேர்த்தா, அதோட முழு எடையைக் கூட்டிட்டு, சங்கிலி இழுக்குறதைக் கழிக்கணும். எப்படிப் பார்த்தாலும் ஆறுதான்.”

“உள்ளேயும் சேர்த்து, அமுக்குறதையும் கூட்டினா?”

“அது... ஒரே விஷயத்தை ரெண்டு தடவை...” என்று இழுத்துவிட்டு, கோட்டை அழித்து மறுபடி போட்டான்.

அவள் கலக்கியை மேலே தூக்கி, பெயின்ட் வடியும்வரை காத்திருந்தாள். தராசு இருநூறுக்கு இறங்கியது.

“இனிமே தூக்கிட்டுத்தான் எடை பார்ப்பேன்” என்றாள்.

செய்வது சரி என்று அவளுக்குத் தெரிந்தது. ஏன் சரி என்பதுதான் பிடிபடவில்லை. கொழுந்தன் இன்னும் குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தான்.