ஒரு படி வெள்ளை

சட்டைப் பொத்தானைத் தைத்துவிட்டு நூலைப் பல்லால் கடித்தேன். செருப்பு மாட்டிக்கொண்டிருந்த என் மனைவி திரும்பிப் பார்த்து, "அது என்ன பல்லா, கத்திரிக்கோலா? உடைஞ்சா திரும்பச் செஞ்சு தரமாட்டேன், சொல்லிட்டேன்" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அன்று மதியம் வேலை மேசையிலேயே அவள் இதயம் நின்றுவிட்டது.

பல் மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. என் கடைவாய்ப்பல்லில் இருக்கும் இன்லேயும் அவள் செய்ததுதான். சொத்தையைச் சுரண்டிய குழிக்குள் கச்சிதமாக உட்காருகிற, பல் நிறத்துப் பீங்கான் துண்டு.

அவள் போன பிறகு அந்தப் பக்கமே தலைகாட்டாமல் இருந்தேன். பல் கூச ஆரம்பித்ததும் வேறு வழியில்லை. அவளோடு வேலை பார்த்த டாக்டரம்மாதான் பார்த்தார். கூர்முனைக் கருவியால் இன்லேயின் ஓரத்தைத் தடவினார்.

"ஓரம் கறுத்திருக்குண்ணா. கீழ சொத்தை இறங்கியிருந்தா இதை எடுத்துடணும்."

"எடுத்து என் கையில கொடுத்துடும்மா."

"முழுசாக் கழட்ட வராதுண்ணா. பல்லோட பல்லா ஒட்டினது. பொடியாக்கித்தான் எடுக்கணும்."

பொடியும் எச்சிலும் தண்ணீருமாக உறிஞ்சுகுழாய்க்குள் போய்விடும். அவள் கைவேலையில் என் உடம்போடு இருப்பது அது ஒன்றுதான்.

எக்ஸ்ரே எடுக்கச் சிறு தகட்டை வாய்க்குள் வைத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

"இது உங்க பல்லைவிட ஒரு படி வெள்ளை. அக்கா சொல்லவே இல்லையா?"

தலையாட்டினேன், இல்லையென்று.

"பல்லு ஈரமா இருக்கும்போதே நிறம் பார்த்துடணும். காஞ்சா வெளுத்துடும். அளவெடுத்த அன்னிக்கு நீங்க வாயைப் பொளந்துட்டுக் கெடந்தீங்களா, பதில் பேச முடியாதுன்னு அக்கா சோபா விஷயத்துக்குச் சண்டையைப் பிடிச்சுட்டாங்க. நிறம் பார்க்க மறந்து, பல்லு காஞ்சப்புறம்தான் பார்த்தாங்க. நேத்து வேலைக்கு வந்தவகூட இந்தத் தப்பைச் செய்யமாட்டா! ஒட்டினப்புறம்தான் தெரிஞ்சுது. 'அவர் வாய்க்குள்ள யாருடி எட்டிப் பார்க்கப் போறா? நீ மூச்சுவிட்டே, தொலைச்சுடுவேன்'னு என்னை மிரட்டினாங்க."

சிரித்துவிட்டேன். தகடு அடைத்திருந்ததால் சிரிப்பு முனகலாகத்தான் வந்தது. பிறகு அது அழுகையாகிவிட்டது. படம் ஆடிப்போய், இன்னொன்று எடுக்க வேண்டியிருந்தது. டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை.

"சொத்தை இல்லைண்ணா" என்றார், திரையைப் பார்த்தபடி. "பீங்கான்ல ஒரு கீறல்கூட இல்லை. சுத்தி ஒட்டின பசைதான் தேஞ்சு கறை பிடிச்சிருக்கு. மெருகு போட்டாப் போதும். கூச்சம் பக்கத்துப் பல்லுல, ஈறு இறங்கியிருக்கு."

"இன்னும் எவ்வளவு காலம் தாங்கும்?"

"சத்தியம் பண்ண மாட்டேன். இன்னிக்கு நல்லா இருக்கு."

மெருகு போட்டு முடித்ததும் கடி சரியாக விழுகிறதா என்று பார்க்க நீலத்தாளை வைத்து மெல்லக் கடிக்கச் சொன்னார்.

"எங்கயாவது தூக்கலா இருக்கா?"

இல்லை. மேல்பற்களும் கீழ்ப்பற்களும் ஒன்றாகவே தொட்டன.